பூஜ்யம் என்று எழுதிய மாதங்கள்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று நாற்பத்தேழு. நிமிடம்வரை தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. அனல்மின் நிலையக் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து நான் அப்போது பன்னிரண்டு மணி ரீடிங்கை எழுதிக்கொண்டிருந்தேன். இன்னும் பதின்மூன்று நிமிடம் இருக்கிறது, முன்னாடியே எழுதிவிட்டால் டீ குடிக்கப் போகலாம் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் உன்னோடு கூட்டத்துக்குப் போயிருந்த நூர்ஜஹான் அக்கா போனில் கூப்பிட்டார். "தம்பி, ஓடியாங்க" என்பதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அவரிடமிருந்து போனை வாங்கிய ஒரு ஆண் குரல் ரவுண்டானா, டிப்பர் லாரி, ஸ்கூட்டி என்று சொன்னது. உயிர் இல்லை என்பதையும் அந்தக் குரலே சொன்னது. அது யாருடைய குரல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அது வைகாசி. இப்போது ஆவணி. இன்று காலை உன் ஷாம்புக் கட்டி தீர்ந்துபோனது. ஒரு வாரமாகவே வெற்றிலை மாதிரி மெலிந்துகொண்டு வந்தது. இன்று தலையில் தேய்க்கும்போது இரண்டாக உடைந்தது, கையில் ஒட்டியது, தண்ணீர் விட்டதும் போய்விட்டது. விரல்களில் சீயக்காயும் வெந்தயமும் கலந்த அந்த வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. நீ செய்து வைத்ததில் கடைசிக் கட்டி அதுதான்.

வேறு யாருடைய மனைவியாவது செத்துப்போனால் பாத்ரூமில் பாதி தீர்ந்த லோஷன் பாட்டில் இருக்கும். முடி சிக்கிய பிளாஸ்டிக் சீப்பு இருக்கும். பல் கடித்த தடத்தோடு ஒரு பிரஷ் இருக்கும். நீ அப்படி எதையும் விட்டுப்போகவில்லை. உன் மூங்கில் பிரஷ்ஷை யாரோ சொந்தக்காரர் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். நன்றாக எரிந்திருக்கும். வேப்பமரச் சீப்பை உன்னோடு வைத்து அனுப்பிவிட்டார்கள். முதுகு தேய்க்கும் பீர்க்கங்காய் நாரை நானே உரக்குழியில் போட்டேன், இப்போது தோண்டினாலும் கிடைக்காது. குப்பையே இல்லாத வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டாய். வந்து பார். உன்னைக்கூட இங்கே தேட முடியவில்லை.

ஒன்று மட்டும் கிடைத்தது. அன்றைக்கு நீ துவைத்துப் போட்ட துணி நாப்கின் ஐந்தும் பின்பக்கக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. உன்னை ஏற்றிக்கொண்டு வண்டி வருவதைப் பார்த்ததும், ஆம்பளைகள் பார்த்துவிடுவார்களே என்று யாரோ ஒரு பெண் அவசரமாக உருவிக் கண்ணில் பட்ட இடத்தில் ஒளித்துவிட்டாள். ஒரு மாதம் கழித்து உளுந்து டப்பாவைத் திறந்தேன். உள்ளே இருந்தன. உளுந்தைக் கொட்டிவிட்டேன். அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப டப்பாவிலேயே வைத்து மூடியிருக்கிறேன்.

எல்லாம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. குவார்ட்டர்ஸ் பின்பக்கத்தில் பழைய பேப்பரை விரித்து, பாத்ரூம் குப்பைத்தொட்டியை அப்படியே கவிழ்த்தாய். ஷாம்பு பாக்கெட்டுகள், மழுங்கிய பிளாஸ்டிக் ரேசர்கள், நசுங்கிய பேஸ்ட் டியூப், பேப்பரில் சுற்றிய நாப்கின், காது குடையும் பஞ்சுக் குச்சி. குந்தி உட்கார்ந்து வகை வகையாகப் பிரித்தாய். எனக்கு அருவருப்பாக இருந்தது.

"இன்னா இது, போஸ்ட்மார்ட்டமா?" என்றேன்.

"ஒரு மாசத்துக் குப்பைங்க. ரெண்டே பேரு. அழுக்குப் போவறதுக்கு நாம வாங்கற சாமான்தான் வூட்லயே பெரிய அழுக்கு. பாருங்க."

"சரி, அளந்து பாத்துச் சொல்லு. அளக்காம பேசக் கூடாது."

விளையாட்டாகச் சொன்னேன். நீ மறுநாளே சமையல் தராசு ஒன்று வாங்கி வந்துவிட்டாய். வேதியியல் படித்துவிட்டு வீட்டில் இருந்தவள், உனக்கு அது போதுமானதாக இருந்தது. நானும் உற்சாகமாகி, பிளான்ட்டில் நாங்கள் மணிக்கொரு முறை நிரப்பும் லாக் ஷீட் மாதிரியே ஒன்றைக் கட்டம் போட்டு, பாத்ரூம் கதவின் பின்னால் ஒட்டினேன். மாதம், பொருள், கிராம், கையெழுத்து. உனக்கு ஒரு பத்தி, எனக்கு ஒரு பத்தி. மாதக் கடைசியில் அவரவர் குப்பையை அவரவரே எடை போட்டு எழுத வேண்டும். அன்றைக்குத்தான் உனக்கு எங்கள் வேலையின் முதல் விதியைச் சொல்லிக்கொடுத்தேன். மீட்டர் முள்ளைப் பார்க்காமல் ரீடிங் எழுதக் கூடாது. போன மணி நேரத்தில் எழுபது, அதற்கு முந்தியும் எழுபது, அதனால் இப்போதும் எழுபதுதான் இருக்கும் என்று உட்கார்ந்த இடத்திலேயே எழுதுகிறவன்தான் நிலக்கரி ஓடும் பெல்ட்டைத் தீப்பிடிக்க விடுகிறவன்.

அதை வேதமாக எடுத்துக்கொண்டாய். ஒரு பஞ்சுக் குச்சியைக்கூடத் தராசில் வைத்துப் பார்க்காமல் எழுத மாட்டாய்.

ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போனது. டியூப் போய்ப் பல்பொடி வந்தது. என் ரேசர் போய் பிளேடு மாற்றுகிற இரும்பு ரேசர் வந்தது. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் அரைத்து, அலுமினியத் தட்டில் ஊற்றி, மொட்டைமாடியில் காய வைத்துக் கட்டி போட்டாய். காடாம்புலியூரிலிருந்து வந்த உன் அம்மா அந்தத் தட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"சாம்பல வுட்டு பேஸ்ட்டுக்கு வரதுக்குள்ள எங்களுக்குப் பாதி வயசு போயிட்ச்சி. இவ காலேஜிலாம் படிச்சிட்டு திரும்ப அங்கியே போறா. இன்னா மாப்ள, நீங்களாவது கேக்கக் கூடாதா?"

"நீ ஊருக்குப் போம்போது அந்தப் பாக்கெட்டுலாம் இங்க போட்டுட்டுப் போவாத, உன் பையிலயே எடுத்துக்கினு போ" என்றாய் நீ.

"தோ பாரு, ஒரு ரூவா பாக்கெட்ட கிழிச்சி தலையில ஊத்தனா எப்டி வாசன! முந்திரிக்கொட்ட உடைச்சி உடைச்சி கை ஓஞ்சி வூட்டுக்கு வந்தா, எனக்கு அது ஒண்ணுதான்டி சொகம்." முந்திரி எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களை உன் முகத்துக்கு நேரே ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் பாக்கெட்டைப் பற்றி நீ ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. அவர் எடுத்துப்போகாமல் விட்டதை உன் பத்தியில் எடை போட்டு எழுதிக்கொண்டாய்.

நூர்ஜஹான் அக்கா சேர்ந்தது அதற்கப்புறம். பஜாரில் அவர் வீட்டுக்காரருக்கு ஃபேன்ஸி ஸ்டோர். "எங்க வூட்டுக்காரரு கடை வாசல்ல ஷாம்பு பாக்கெட்ட சரம் சரமா தொங்கவுட்டு விக்கிறாரு. நான் ஒங்க வூட்டு வாசல்ல ஒக்காந்து அத வாங்காதீங்கன்னு கூவறேன். நேத்து ராவு அதுக்குச் சண்ட, சோறு வெக்கல நானு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பிளாக் பிளாக்காகப் போய்ப் பெண்களிடம் பேச ஆரம்பித்தீர்கள்.

இப்போது என் பத்தியைச் சொல்கிறேன். உன்னிடம் நேரில் சொல்லாததை.

ஷிஃப்ட் முடிந்து பிளான்ட்டிலேயே குளித்துவிட்டு வருவேன் அல்லவா. நிலக்கரித் தூள் அப்பிய தலையில் உன் கட்டி நுரைக்காது. பிசுபிசுவென்று ஒட்டும். பக்கத்துக் குழாயில் குளிக்கிறவன், "இன்னா சார், தலையில ரசம் ஊத்திக்கினு வந்துக்கிறீங்க" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நான்கைந்து நாள் பொறுத்தேன். அப்புறம் கேன்டீன் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட் ஒரு சரம் வாங்கி டிபன் பையின் பக்கப் பாக்கெட்டில் செருகிக்கொண்டேன்.

காலிப் பாக்கெட்டை அங்கேயே எங்காவது எறிந்திருக்கலாம். எறியவில்லை. கண்ட இடத்தில் போடாதே என்று நீ என்னைப் பழக்கியிருந்தாய். வழியில் நல்ல குப்பைத்தொட்டியாகப் பார்த்துப் போடலாம் என்று திரும்பப் பையிலேயே செருகுவேன். சில நாள் மறந்துபோவேன். மாதக் கடைசியில் கதவுக்குப் பின்னால் நின்று, தராசைத் தொடாமல், பையைத் திறக்காமல் என் பத்தியில் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஐந்து மாதம் அப்படி எழுதினேன். பிளான்ட்டில் நான் எழுதுகிற ரீடிங்குகளில் எத்தனை அப்படி என்று உனக்குத் தெரியாது. அது இருக்கட்டும்.

ஐந்தாவது மாதம் உன் பத்தியும் பூஜ்யம். நீ ஷீட்டுக்கு முன்னால் ஈரத் தலையோடு நின்றாய்.

"சார், ரெண்டு பேருக்குமே ஜீரோ. நம்பவே முடியல இல்ல?"

"ஏன், நான் எழுதுனத நம்ப மாட்டியா?"

"நீங்க எழுதினா கண்ண மூடிக்கினு நம்புவேன். கம்யூனிட்டி ஹால் கூட்டத்துல இதத்தான் காட்டப் போறேன்."

கூட்டம் பதினொரு மணிக்கு. நான் காலை ஷிஃப்ட். முந்தின நாள் வாங்கிய புது டிபன் பையை எடுத்துக்கொண்டு ஐந்தரைக்கே போய்விட்டேன், பழையதைக் காலி செய்யவில்லை. உன் துணிப்பை துவைத்துக் காயாமல் கிடந்திருக்கிறது. கட்டிகளையும் ஷீட்டையும் கொண்டுபோக நீ என் பழைய பையை எடுத்துக்கொண்டாய்.

அங்கே நடந்ததை நூர்ஜஹான் அக்கா பத்தாம் நாள்தான் என்னிடம் சொன்னார். கூட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் உன் அம்மா பஸ்ஸிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். வீட்டு மரத்துப் பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறேன், கனமாக இருக்கிறது, இறங்கி எப்படித் தூக்கி வருவது என்று. "நீ வாம்மா, பாத்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டு, அக்காவிடம், "அம்மா ஆட்டோ புடிச்சிப் போயிடுவாங்க, சாவி மீட்டர் பாக்ஸ்ல இருக்கு, நாம கூட்டத்த முடிச்சிட்டே போலாம்" என்று சொல்லியிருக்கிறாய்.

அப்புறம் மேஜைமேல் பையைக் கவிழ்த்தாய். கட்டிகளோடு என் காலிப் பாக்கெட்டுகளும் கொட்டின, கிழிக்காத பாதிச் சரமும் கொட்டியது. பின்வரிசையிலிருந்து யாரோ, "அடியே, ஜீரோ வூட்டுக்காரி பையில சரமே கீதுடி!" என்று கத்த, ஹால் முழுக்கச் சிரிப்பு. நீயும் சிரித்தாயாம். கோபப்படவில்லையாம். பாக்கெட்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஷீட்டை மடித்து, "தப்பான ரீடிங்குங்க இது. பத்து நிமிசம் பொறுங்க, வூட்டுக்குப் போயி எடை போட்டு சரியா எழுதி எடுத்துக்கினு வந்துடறேன்" என்றாயாம்.

"எதுக்குடி இப்ப அலையற, இங்கியே அடிச்சிட்டு எழுதேன்னேன் தம்பி" என்றார் அக்கா. "கேக்கல. முள்ளப் பாக்காம எழுதக் கூடாதுக்கா, எங்க சார் திட்டுவாருன்னு சொல்லிக்கினே வண்டிய எடுத்துட்டா."

கேலியாகத்தான் சொல்லியிருப்பாய். என்னைக் கேட்பதற்கு அன்று சாயங்காலம் ஒரு வார்த்தை யோசித்து வைத்திருப்பாய். என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியவே போவதில்லை.

நீ ரவுண்டானாவைத் தாண்டவில்லை. உன் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் பழத்தைத் தோளில் வைத்துச் சுமந்து வந்து, நீ வருவாய் என்று சாவியைத் தேடாமல் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் வீட்டுக்கு வந்தபோது அவரிடம் யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. "இன்னா மாப்ள, அதுக்குள்ள வந்துட்டீங்க? எங்க அவ, என்னைத் தேடிக்கினு பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டாளா?" என்றார்.

அந்தக் கேள்வியிலிருந்து அவர் வெளியே வரவே இல்லை. ஹாலில் இருக்க வேண்டிய நீ வீட்டுப் பக்கம் ஏன் வந்தாய் என்பதற்கு அவரே ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டார். பழம் கனமாக இருக்கிறது என்று தான் புலம்பியதால், பஸ் ஸ்டாப்பிலிருந்து தன்னை ஏற்றிக்கொண்டு வர நீ கூட்டத்தை விட்டுவிட்டுக் கிளம்பினாய். பாத்துக்கலாம் என்று நீதானே சொன்னாய். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அதையே சொல்லி அழுதார். மூன்றாம் நாள் அந்தப் பழம் பழுத்து வெடித்து வீடெல்லாம் மணந்தது. யாரும் சாப்பிடாமல் இருந்த வீட்டில் அப்படி ஒரு மணம். அவரே அதை இழுத்துக்கொண்டு போய் உன் உரக்குழியில் தள்ளி, மண்ணைப் போட்டுக் காலால் மிதித்தார்.

பத்தாம் நாள் எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்க்கா" என்றேன் அக்காவிடம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பும்போது, உன் அம்மா சட்டென்று குனிந்து என் காலைப் பிடித்துக்கொண்டார். மாமியார் மருமகன் காலைப் பிடிக்கிறார். சுற்றிலும் ஆட்கள். "ஒரு பழத்துக்காக உங்க குடும்பத்த அழிச்சிட்டேன் மாப்ள. என்னை மன்னிச்சிடுங்க" என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

"வுடுங்க அத்தை" என்றேன்.

மன்னித்துவிட்டேன். சுற்றி நின்றவர்கள் என்னை எவ்வளவு பெரிய மனசு என்கிற மாதிரி பார்த்தார்கள். ஒரு கணம் எனக்கே அப்படித் தோன்றியது. உன்னிடம் மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கூப்பிடுவார். சாப்பிட்டீங்களா மாப்ள, என்ன ஷிஃப்ட், துணி துவைக்க ஆள் வைத்தீர்களா. கடன்பட்டவர் மாதிரி கேட்பார். நூர்ஜஹான் அக்கா வழியில் பார்க்கும்போதெல்லாம், "சொல்லிட்டீங்களா தம்பி?" என்பார். "சொல்றேன்க்கா" என்பேன். போன வாரம் அவர் கேட்கவில்லை. பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் உன் சாமான்களை ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். நீ பார்த்திருந்தால் கவரை வேண்டாம் என்று சொல்லியிருப்பாய். பையும் ஷீட்டும் பாக்கெட்டுகளும் அதற்குள் இருந்தன. போன வாரம்தான் எடுத்தேன். தராசைத் துடைத்து, பூஜ்யத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்து, காலிப் பாக்கெட்டுகளை எல்லாம் ஒன்றாக வைத்தேன். ஒன்பது கிராம். இதைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தாய். அவற்றை எதில் போடுவது என்று தெரியவில்லை. மக்காது, எரிக்கவும் கூடாது என்பாய். என் பையிலேயே வைத்துக்கொண்டு பிளான்ட்டுக்கும் வீட்டுக்கும் போய் வருகிறேன். உன்னைவிட அவை ரொம்ப நாள் இருக்கும்.

நேற்று சாயங்காலம் உன் அம்மா கூப்பிட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது. "அந்த மரத்தப் பாக்கப் பாக்க வயிறு எரியுது மாப்ள. காலைல ஆள் வரச் சொல்லிக்கிறேன். வெட்டிடலாம்னு" என்றார். நீ பிறந்த வருடம் வைத்த பலாமரம் என்று நீ சொல்லியிருக்கிறாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி அத்தை" என்றேன்.

இன்று கட்டி தீர்ந்து, குளித்துவிட்டு வெளியே வந்து, கையை முகர்ந்துகொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் ஈரத்தோடு அவரைக் கூப்பிட்டேன்.

"அத்தை, மரத்த வெட்டாதீங்க."

"விடியறப்பவே வந்துட்டாங்க மாப்ள. சாஞ்சிட்ச்சி. இப்ப துண்டு போட்டுக்கினு கீறாங்க." பின்னால் ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் குரலில் மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கேட்டபிறகும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பை, பாக்கெட், பூஜ்யம், ஹாலில் சிரித்தது, எடை போட நீ வீட்டுக்குத் திரும்பியது. உங்களுக்காக அவள் வரவில்லை அத்தை, என்னால் வந்தாள் என்று சொன்னேன். யாரோ பக்கத்தில் அவரிடம் விறகை எங்கே அடுக்குவது என்று கேட்டார்கள். அவர் என்னிடம் கேட்டார்:

"எந்தப் பாக்கெட்டு? ஒரு ரூவா பாக்கெட்டா?"

"ஆமா அத்தை."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பத்தாம் நாளு."

"பதினாறாம் நாளு உங்க கால்ல வுழுந்தேனே நானு."

"ஆமா."

"வுடுங்க அத்தைன்னீங்களே."

"ஆமா அத்தை."

ரம்பம் நின்று மறுபடி ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து மெதுவாக, என்னிடம் கேட்கிறாரா வேறு யாரிடமாவது கேட்கிறாரா என்று தெரியாதபடி கேட்டார்:

"அப்ப அந்த மரம் இன்னா பண்ணுச்சி மாப்ள?"

இணைப்பைத் துண்டித்துவிட்டேன். உடனே திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது முறையும் அடித்து ஓய்ந்தது. சபிக்கக் கூப்பிட்டிருக்கலாம். வழக்கம்போலச் சாப்பிட்டீங்களா என்று கேட்கவும் கூப்பிட்டிருக்கலாம், அவர் அப்படிப்பட்டவர்தான். இரண்டில் எது என்று பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. போனை அணைத்து வைத்துவிட்டேன்.